டிஜிட்டல் படத்தயாரிப்பில் விவரக் குறிப்புகள்

இரண்டரை மணி நேரம் ஓடும் திரைப்படம் ஒன்றில், வினாடிக்கு 24 பிரேம் என்ற கணக்கில், 2,16,000 பிரேம்கள் உள்ளன. 4,096 புள்ளி அகலமும் 2,160 புள்ளி உயரமும் கொண்ட ஒரு பிரேமைப் பத்து பிட் முறையில் சேமித்து வைப்பதற்குச் சுமார் 3½ கோடி பைட் இடம் வேண்டும். முழுப் படத்துக்கும் ஏறக்குறைய 7½ லட்சம் கோடி பைட் தேவைப்படும். இது முடிவடைந்த படத்தின் அளவு மட்டுமே. படப்பிடிப்பின்போது எடுக்கப்பட்டுப் பின்னர் விலக்கப்பட்ட பகுதிகளையும் கூட்டினால் அளவு பன்மடங்காகும்.

இத்துணைப் பெருந்தொகையான தரவைச் சேமிப்பதும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்புவதும் இன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்ட பிரச்னைகள். தீராமல் நிற்கும் பிரச்னை வேறு. அனுப்பப்பட்ட கோப்பு எதைக் குறிக்கிறது, எந்தக் காட்சிக்கு உரியது, யார் எந்த நிலையில் விட்ட வேலை அது என்பதைப் பெற்றுக்கொள்ளும் இயந்திரம் எவ்வாறு அறியும்? படத்தையும் ஒலியையும் பற்றிய இத்தகைய செய்திகளுக்கு விவரக் குறிப்பு, அதாவது மெட்டாடேட்டா, என்று பெயர். ஒரு நிறுவனத்தின் இயந்திரம் எழுதிய குறிப்பை வேறொரு நிறுவனத்தின் இயந்திரம் அதே பொருளில் புரிந்துகொண்டு செயற்படுவதை ‘ஒத்தியங்குதல்’ எனலாம். இவ்விரண்டும் எவ்வாறு வளர்ந்து வந்தன என்பதும், இந்தியாவில் இவற்றின் அவசியம் எத்தகையது என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

படச்சுருள் காலத்து ஏற்பாடு

விவரக் குறிப்பு புதிய சரக்கன்று. 35 மில்லிமீட்டர் படச்சுருளின் விளிம்பில், அதைத் தயாரித்த தொழிற்சாலையே ஒவ்வோர் அடிக்கும் ஓர் எண்ணை அச்சிட்டு அனுப்பியது. ஓர் அடிச் சுருளில் 16 பிரேம்கள் அடங்கும். ஆகவே, விளிம்பு எண்ணையும் அதற்கு அப்பாற்பட்ட பிரேம்களின் எண்ணிக்கையையும் கொண்டு, படத்தின் எந்தப் பிரேமையும் ஐயமறச் சுட்ட முடிந்தது. படப்பிடிப்புத் தளத்தில் கேமராவுக்கு முன் நீட்டப்பட்ட கிளாப் பலகையில் காட்சி, ஷாட், டேக் ஆகியவற்றின் எண்கள் எழுதப்பட்டிருந்தன. உதவி இயக்குநரின் குறிப்பேட்டில் நடிகரின் உடை முதல் மேஜைமீதிருந்த கோப்பை வரை பதிவாயின.

இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி இருந்தது. குறிப்பு பொருளின்மீதே எழுதப்பட்டிருந்தமையால், பொருளைவிட்டு அது பிரிவது அரிது. சுருள் எங்கே சென்றாலும் விளிம்பு எண்ணும் கூடவே சென்றது. எஞ்சிய விவரங்களைத் தொழிலாளர்கள் தங்கள் நினைவில் வைத்திருந்தனர். அவர்கள் பெரும்பாலும் ஒரே கூடத்தில் பணியாற்றியமையால் கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் எளிதாயிற்று.

கோப்பும் குறிப்பும் பிரிதல்

டிஜிட்டல் முறையில் நிலைமை மாறிவிட்டது. கேமரா ஒரு நிறுவனத்தினுடையது; படத்தொகுப்பு மென்பொருள் இன்னொன்றினுடையது; கணினி வரைகலை, வண்ணச் சீரமைப்பு, ஒலிக்கலவை, வசனவரி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மென்பொருள்கள் உண்டு. பணியாற்றுவோரும் வெவ்வேறு நகரங்களில், சில வேளைகளில் வெவ்வேறு நாடுகளில், இருக்கின்றனர்.

ஓர் உதாரணத்தைக் காணலாம். இன்றைய கேமரா, படத்துடன் சேர்த்து லென்சின் குவியத் தூரம், துவாரத்தின் அளவு, நேரக் குறிப்பு முதலியவற்றையும் கோப்பில் எழுதுகிறது. தொகுப்பாளரின் வசதிக்காகச் சிறிய நகல் ஒன்று தயாரிக்கப்படும்போது, இவ்விவரங்களிற் சில விடுபட்டுவிடலாம். பின்னர் அந்த ஷாட்டில் கணினியால் உருவாக்கப்பட்ட ஒரு தேரை இணைக்கவேண்டிய கலைஞர், லென்சின் குவியத் தூரம் தெரியாமல் வேலையைத் தொடங்க இயலாது. படத்திலுள்ள நேர்கோடுகளையும் பொருள்களின் அளவுகளையும் கொண்டு அவர் அதை மீண்டும் கணித்தறிய நேரிடுகிறது. கேமரா ஒரு கணத்தில் எழுதிய எண்ணை ஒரு மனிதர் பல மணி நேரம் உழைத்துத் தேடுகிறார். இவ்வாறு விடுபட்ட விவரங்களை மறுபடி தட்டச்சு செய்வதே முழுநேர வேலையாக அமைந்த உதவியாளர்களும் உள்ளனர். அவர்கள் ஓர் எண்ணைத் தவறாகத் தட்டினால், வேண்டாத டேக்கின்மீது பலருடைய உழைப்பு வீணாகும்.

இக்குறையைப் போக்கப் பலரும் கையாளும் வழி, விவரங்களைக் கோப்பின் பெயரிலேயே திணிப்பது. காட்சி எண், ஷாட் எண், பதிப்பு எண் எல்லாம் பெயரில் இடம்பெறும். எனினும், ஒரு கூடத்தில் ‘12’ என்பது காட்சி எண். அடுத்த கூடத்தில் அதே இடத்தில் நிற்கும் ‘12’ படப்பிடிப்பு நாளைக் குறிக்கலாம். பெயர் சென்றடைகிறது, பொருள் சென்றடைவதில்லை.

ஒரே எழுத்து, பல பொருள்

பொருள் தவறுவது எத்துணை எளிது என்பதற்கு நேரக் குறிப்பே தக்க சான்று. மணி, நிமிடம், வினாடி, பிரேம் என்னும் நான்கு பகுதிகளாக ஒவ்வொரு பிரேமுக்கும் ஓர் எண் வழங்கும் இம்முறையை, அமெரிக்காவிலுள்ள திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கம் 1975-ல் தரப்படுத்தியது. அந்தச் சங்கத்தின் சுருக்கப் பெயர் ‘ஸ்மிப்டி’.

01:00:00:00 என்ற குறிப்பை எடுத்துக்கொள்ளலாம். பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கினால், இந்தியத் தொலைக்காட்சியில் வழங்கும் வினாடிக்கு 25 பிரேம் கணக்கில், இதற்கு முன் 90,000 பிரேம்கள் கழிந்திருக்கும். திரைப்படத்தின் 24 பிரேம் கணக்கில் 86,400 பிரேம்களே கழிந்திருக்கும். அமெரிக்க முறையில் சிக்கல் இன்னும் அதிகம். 1953-ல் அங்கு வண்ணத் தொலைக்காட்சி முறை ஏற்கப்பட்டபோது, வினாடிக்கு 30 என்றிருந்த பிரேம் விகிதம் சுமார் 29.97 ஆகக் குறைந்தது. எண்ணிக்கையை மட்டும் 30-ஆகவே நடத்திச் சென்றால், சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் முடியும்போது நேரக் குறிப்பு 3.6 வினாடி பின்தங்கி நிற்கும்.

இதைச் சரிசெய்ய ஓர் உபாயம் கண்டனர். ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டிவிடுவது. பத்தால் வகுபடும் நிமிடங்களில் மட்டும் தாண்டாதிருப்பது என்பதே அந்த விதி. மணிக்கு 54 நிமிடங்களில் இரண்டு வீதம் 108 எண்கள் விடப்படுகின்றன. எந்தப் பிரேமும் வெட்டப்படுவதில்லை. எண்கள் மட்டுமே விடப்படுகின்றன. ஆகவே, அதே 01:00:00:00, எண் தாண்டாத முறையில் 1,08,000 பிரேம்களையும், தாண்டும் முறையில் 1,07,892 பிரேம்களையும் குறிக்கும். எழுத்துக்கள் ஒன்றே, பொருள் நான்கு. எந்த முறை என்ற செய்தி உடன்செல்லாவிட்டால், வசனம் உதட்டசைவுக்குப் பொருந்தாமல் போகும்.

வண்ணத்திலும் இதே நிலைமைதான். அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் வகுத்த முறைப்படி, ஒரு ஷாட்டின் அடிப்படை வண்ணத் திருத்தத்தை 10 எண்களில் எழுதிவிடலாம். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று எண்களும், வண்ணச் செறிவுக்கு ஓர் எண்ணும் அவை. எந்த இயந்திரமும் அவற்றைக் கொண்டு ஒரே கணக்கைத்தான் செய்யும். ஆயினும், அந்தக் கணக்கு எந்த வண்ண அளவுமுறையில் அமைந்த படத்தின்மீது செய்யப்படவேண்டும் என்பது கூறப்படாவிட்டால், எண்கள் சரியாயிருந்தும் விடை பிழையாகிவிடும்.

உறையில் ஒற்றுமை

இப்பிரச்னையை ஆராய்வதற்காக ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் ஸ்மிப்டி சங்கமும் 1996-ல் ஒரு கூட்டுக் குழுவை அமைத்தன. அதன் இறுதி அறிக்கை 1998-ல் வெளியாயிற்று. அதைத் தொடர்ந்து நடந்த பணிகளின் முக்கியப் பயன், 2004-ல் தரமாக வெளியிடப்பட்ட ‘எம்.எக்ஸ்.எஃப்.’ என்னும் கோப்பு முறை. படம், ஒலி, விவரக் குறிப்பு ஆகிய மூன்றையும் ஒரே உறையில் இட்டு அனுப்ப இது வகை செய்கிறது.

இதன் உள்ளமைப்பு எளிமையானது. கோப்பிலுள்ள ஒவ்வொரு செய்தியும் மூன்று பகுதிகளாக எழுதப்படுகிறது. முதலில் 16 பைட் நீளமுள்ள திறவுகோல். இச்செய்தி எவ்வகைப்பட்டது என்பதை அது கூறும். அடுத்தது நீளம். மூன்றாவது செய்தியின் மதிப்பு. திறவுகோல்களின் பொருள், சங்கம் பராமரிக்கும் பொதுப் பதிவேட்டில் உள்ளது. தனக்குத் தெரியாத திறவுகோலைக் காணும் இயந்திரம், நீளத்தைப் பார்த்து அத்தனை பைட்டுக்களைத் தாண்டி அடுத்த செய்திக்குச் செல்லலாம். இதனால் பழைய இயந்திரமும் புதிய கோப்பைப் படிக்க இயலுகிறது.

உறையின் அமைப்பு ஒன்றானமை பெரிய முன்னேற்றமே. ஆனால், தாண்டிச் செல்லப்பட்ட செய்தி புரிந்துகொள்ளப்பட்ட செய்தியாகாது. கடிதத்தின் உறையும் முகவரியும் ஒரே முறையில் எழுதப்பட்டிருந்தால் தபால் சேரும். உள்ளிருக்கும் மொழி தெரியாவிட்டால் படிக்க இயலாது.

சொல்லும் பொருளும்

மொழியை ஒன்றாக்கும் முயற்சிகளில் பெயர்பெற்றது ‘டப்ளின் கோர்’. இதன் பெயரிலுள்ள டப்ளின், அயர்லாந்தின் தலைநகரன்று. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள ஊர். அங்கு 1995-ல் நடந்த கூட்டத்திலிருந்து தோன்றிய இம்முறையில், தலைப்பு, படைத்தவர், பொருள், தேதி, மொழி முதலிய 15 உறுப்புக்கள் உள்ளன. நூலகங்கள் முதல் தொலைக்காட்சி நிலையங்கள் வரை இது பயன்பட்டு வருகிறது.

பதினைந்து சொற்களில் உலகத்தை அடக்குவதில் வசதியும் உண்டு, தொல்லையும் உண்டு. திரைப்படம் ஒன்றின் ‘தேதி’ எது? படம்பிடித்த நாளா, தணிக்கைச் சான்று பெற்ற நாளா, திரையிடப்பட்ட நாளா, பழைய பிரதி டிஜிட்டல் முறைக்கு மாற்றப்பட்ட நாளா? ஒரு காப்பகம் திரையிட்ட ஆண்டை எழுதியிருக்க, மற்றொரு காப்பகம் டிஜிட்டலாக மாற்றிய ஆண்டை எழுதியிருந்தால், இரண்டு பட்டியல்களையும் இணைக்கும் இயந்திரம் ஒரே படத்தை இரண்டு படங்களாகக் கொள்ளும். வடிவத்தில் இரு குறிப்புக்களும் குற்றமற்றவை என்பது கவனிக்கத்தக்கது.

‘காட்சி’ என்ற சொல்லும் அவ்வாறே. கதையாசிரியருக்குக் காட்சி என்பது கதையில் ஒரு நிகழ்ச்சி. தயாரிப்பு நிர்வாகிக்கு அது ஓர் இடத்தில் ஒரு நாளில் முடிக்கவேண்டிய வேலை. கதையில் வரும் வாள் ஒன்று. படப்பிடிப்புக்கென மரத்திலும் உலோகத்திலும் செய்யப்பட்ட வாள்கள் பல. கணினியில் வரையப்பட்ட வாள் வேறு. ‘வாள்’ என்று மட்டும் எழுதினால் எது என்பது விளங்காது.

மூவுறுப்பு வாக்கியம்

இதற்குப் பரிகாரமாக வந்ததே பொருளுணர் விவரக் குறிப்பு. இதன் அடிப்படையான ‘ஆர்.டி.எஃப்.’ முறையை, வலைத்தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999-ல் பரிந்துரைத்தது. இம்முறையில் ஒவ்வொரு செய்தியும் எழுவாய், உறவு, அதன் இலக்கு என்னும் மூன்று உறுப்புக்கள் கொண்ட சிறு வாக்கியமாக எழுதப்படும். ‘பதேர் பாஞ்சாலி – இயக்குநர் – சத்யஜித் ராய்’ என்பது ஒரு வாக்கியம். ‘பதேர் பாஞ்சாலி – ஒளிப்பதிவாளர் – சுப்ரத மித்ரா’ என்பது மற்றொன்று. இவற்றில் ஒவ்வோர் உறுப்பும் வெறும் பெயராக இராமல், உலகில் வேறெதற்கும் வழங்கப்படாத ஓர் அடையாளத்தைப் பெற்றிருக்கும். ‘இயக்குநர்’ என்ற உறவுக்கும் அத்தகைய அடையாளமும், பொருள் வரையறையும் உண்டு. எந்தெந்தக் கருத்துக்கள் உள்ளன, அவற்றுக்கிடையே எத்தகைய உறவுகள் அமையலாம் என்று வரையறுக்கும் தொகுதிக்கு ‘ஆன்டாலஜி’ என்று பெயர்.

இதன் பயன் 2010-ல் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின்போது வெளிப்பட்டது. அப்போட்டியில் 32 அணிகள், 8 பிரிவுகள், அணிக்கு 23 பேர் வீதம் 736 ஆட்டக்காரர்கள். பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமான பி.பி.சி. இவர்களுக்காக 700-க்கும் மேற்பட்ட இணையப் பக்கங்களை நடத்தியது. ஒவ்வொரு பக்கத்தையும் ஆள் வைத்துத் தொகுப்பது இயலாத காரியம். ஆகவே, செய்தியாளர் தமது கட்டுரையில் ஆட்டக்காரரின் அடையாளத்தை மட்டும் இணைத்தார். இன்ன ஆட்டக்காரர் இன்ன அணியைச் சேர்ந்தவர், இன்ன அணி இன்ன பிரிவைச் சேர்ந்தது என்னும் வாக்கியங்கள் ஏற்கனவே பதிவாகியிருந்தமையால், கட்டுரை உரிய பக்கங்களில் தானே இடம்பெற்றது. எழுதப்படாத செய்தியை எழுதப்பட்ட செய்திகளிலிருந்து இயந்திரம் வருவித்துக்கொண்டது.

திரைப்படத் துறையில் இத்தகைய முயற்சியை ஹாலிவுட்டின் பெரிய நிறுவனங்கள் கூட்டாக நடத்தும் மூவிலேப்ஸ் என்னும் ஆய்வமைப்பு மேற்கொண்டது. எதிர்காலத் தயாரிப்பு முறை பற்றி 2019-ல் அது வெளியிட்ட திட்டத்தைத் தொடர்ந்து, படத்தயாரிப்புக்கான ஆன்டாலஜி ஒன்று உருவாக்கப்பட்டது. படைப்பு, பணி, பங்குபெறுவோர், உபகரணம், தயாரிப்புப் பொருள் ஆகியவை அதில் தனித்தனியே வரையறுக்கப்படுகின்றன. கதையில் வரும் காட்சியும் படப்பிடிப்பு வேலையாக அமையும் காட்சியும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டு, இரண்டுக்கும் உள்ள உறவும் காட்டப்படுகிறது. கதையில் வரும் வாளுக்கும் அதைக் காட்டும் பொருள்களுக்கும் அவ்வாறே.

இந்தியாவில் இதன் அவசியம்

பல மொழிகளில் படம் தயாரிக்கும் இந்நாட்டில் இப்பிரச்னை மேலும் கடுமையானது. ஒரே படம் தமிழ், தெலுங்கு, இந்தி எனப் பல மொழிகளில் வெளியாகிறது. பெயர் மாறலாம், பாடல் மாறலாம், எழுத்துத் தொடர்கள் மாறும். ஒவ்வொரு மொழிக்கும் முழுப் பிரதி ஒன்று வைத்திருந்தால் இடம் வீணாவதுடன், ஒரு திருத்தத்தை எல்லாப் பிரதிகளிலும் செய்யவேண்டிய சிரமமும் உண்டு. ‘ஐ.எம்.எஃப்.’ என்னும் ஸ்மிப்டி தரத்தின் முக்கியப் பகுதிகள் 2013-ல் வெளியாயின. இதன்படி பொதுவான படப்பகுதி ஒருமுறை மட்டும் சேமிக்கப்படுகிறது. மாறுபடும் பகுதிகள் தனியே இருக்கும். எந்தப் பகுதியை எந்த வரிசையில் எந்த ஒலியுடன் ஓட்டவேண்டும் என்பதை ஒவ்வொரு மொழிக்கும் உரிய சிறு பட்டியல் கூறும். அப்பட்டியல் விவரக் குறிப்பேயாகும். அதில் மொழிக் குறி தவறினால் படமே தவறிவிடும்.

பெயர்களும் தொல்லை தருகின்றன. ‘பதேர் பாஞ்சாலி’ நாவலை எழுதிய விபூதிபூஷணரின் குடும்பப் பெயர் ஓரிடத்தில் ‘பந்தோபாத்யாய’ என்றும், மற்றோரிடத்தில் ‘பானர்ஜி’ என்றும் எழுதப்படுகிறது. வங்காளி, தேவநாகரி, தமிழ் எழுத்துக்களில் அது மேலும் பல உருவம் பெறும். இயந்திரத்துக்கு இவர்கள் பல ஆசிரியர்கள். ஒருவருக்கு ஓர் அடையாள எண் என்ற முறையிலேயே இதற்குத் தீர்வு உண்டு. படைப்பாளர்களுக்கென அத்தகைய சர்வதேச எண்முறை 2012-ல் தரமாக்கப்பட்டது.

விவரக் குறிப்பின் அருமையை அதே படத்தின் வரலாறும் காட்டுகிறது. 1955-ல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’யின் மூல நெகடிவ், 1993-ல் லண்டனிலுள்ள ஒரு படக்கூடத்தில் நிகழ்ந்த தீவிபத்தில் சிதைந்தது. பின்னர், இத்தாலியின் பொலோன்யா நகரிலுள்ள சீரமைப்புக் கூடத்தில், கருகிய சுருள்கள் மிக்க பொறுமையுடன் பதப்படுத்தப்பட்டன. அப்படத்தின் நெகடிவில் சுமார் 40 சதவீதமே பயன்படும் நிலையில் இருந்தது. எஞ்சிய பகுதிகள் பிற காப்பகங்களிலிருந்த நகல்களினின்றும் எடுக்கப்பட்டன. புதுப்பிக்கப்பட்ட படம் 2015-ல் திரையிடப்பட்டது. இன்று திரையில் தொடர்ச்சியாக ஓடும் அப்படம், பல மூலங்களினின்றும் சேர்க்கப்பட்டது. எந்தப் பகுதி எந்தச் சுருளிலிருந்து வந்தது என்ற குறிப்பு படத்துடன் இணைந்திருந்தால்தான், நாளை மேலும் நல்ல நகல் ஒன்று அகப்படும்போது எதை மாற்றலாம் என்று அறிய இயலும். 1964-ல் புனேயில் நிறுவப்பெற்று, 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் டிஜிட்டலாக மாற்றப்படும் ஒவ்வொரு படத்துக்கும் இது பொருந்தும்.

எச்சரிக்கை

பொதுமொழி வகுத்துவிட்டால் எல்லாம் தானே நடந்துவிடும் என்று கருதுவதற்கில்லை. உலகக் கோப்பைப் பக்கங்களில் வெற்றி கண்ட அதே பி.பி.சி., தயாரிப்பு முழுவதையும் காப்பகத்தையும் ஒரே டிஜிட்டல் அமைப்பில் கொண்டுவர 2008-ல் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2013 மே மாதத்தில் அது கைவிடப்பட்டது. ஏற்பட்ட நிகரச் செலவு 9 கோடியே 84 லட்சம் பவுன். பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2014-ல் வெளியிட்ட அறிக்கையில், திட்டத்தின் மேற்பார்வையிலிருந்த குறைபாடுகள் சுட்டப்பட்டன. இரண்டையும் ஒப்பிடுவோருக்கு ஓர் உண்மை புலப்படும். குறுகிய எல்லையில், தெளிவான சொற்களுடன், எழுதுவோருக்கு உடனே பயன் தரும் வகையில் அமைந்த ஏற்பாடு நிலைத்தது. அனைத்தையும் ஒருங்கே அணைக்க முயன்றது நிலைக்கவில்லை.

இதனின்றும் மூன்று விதிகளைப் பெறலாம். முதலாவது, விவரம் தோன்றும் இடத்திலேயே பதிவாகவேண்டும். கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் தாமே எழுதக்கூடியதை மனிதரைக் கொண்டு பின்னர் எழுதுவிப்பது வீண். இரண்டாவது, குறிப்பை எழுதும் தொழிலாளிக்கும் அதனால் பயன் கிடைக்கவேண்டும். பிறருடைய வசதிக்காக மட்டும் நிரப்பப்படும் படிவம் பிழைகளாலேயே நிரம்பும். மூன்றாவது, ஒவ்வொரு குறிப்புடனும் அதை எழுதியவர் யார் என்பதும் இருக்கவேண்டும். படத்தைத் தானே நோக்கி விவரம் எழுதும் மென்பொருள்கள் இன்று வழக்கத்திற்கு வந்துவிட்டமையால், இவ்விதி முன்னிலும் முக்கியமாகிறது. இயந்திரத்தின் ஊகமும் ஒளிப்பதிவாளரின் கூற்றும் ஒரே மதிப்புடையன அல்ல.

படச்சுருளின் விளிம்பில் எண்ணை அச்சிட்டவர்கள், அச்சுருளை யார் எப்போது எந்த ஊரில் கையாளுவார் என்று அறிந்திருக்கவில்லை. ஆயினும் அவர்கள் விட்டுச்சென்ற எண் பயன்பட்டது. டிஜிட்டல் கோப்புக்கு விளிம்பு இல்லை. ஆகையால் அந்த எண்ணின் இடத்தைப் பொது வரையறையால் நிரப்புவது இத்துறையினரின் கடமையாகும். மென்பொருளும் வட்டும் சில ஆண்டுகளில் மாறும். பொருள் விளங்க எழுதப்பட்ட குறிப்பு அவற்றைக் கடந்து நிற்கும்.